வீடு திரும்பியவரின் திணை

பழந்தமிழ்ப் பாடல் மரபு போருக்குச் சென்ற ஆடவனைப் பெரும்பாலும் இரண்டு இடங்களில் நிறுத்திப் பார்க்கிறது. ஒன்று அவன் வீழ்ந்த களம். மற்றொன்று வீட்டை நோக்கி விரையும் தேர். களத்தில் வீழ்ந்தவனுக்குக் கல் எடுக்கும் வழக்கத்தைத் தொல்காப்பியம் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என்று ஆறு நிலைகளாக வகுக்கிறது. தகுந்த கல்லைக் கண்டு தேர்வதில் தொடங்கி, அதை நீராட்டி, நட்டு, படையலிட்டு வாழ்த்துவது வரை ஒவ்வொரு செயலுக்கும் ஒரு பெயர் இருப்பதே, இறந்த வீரனை நினைப்பது அக்காலச் சமூகத்துக்கு எவ்வளவு முறைப்பட்ட கடமையாக இருந்தது என்பதைக் காட்டும். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் கண்டெடுக்கப்பட்ட தமிழ்ப் பிராமி எழுத்துள்ள நடுகற்களுள் ஒன்று, ஆகோள் பூசலில், அதாவது ஆநிரை கவரும் சண்டையில், இறந்த ஒருவனின் பெயரையும் ஊரையும் சில சொற்களில் சொல்லி நிறுத்திவிடுகிறது. அவனுக்கு மனைவி இருந்தாளா, பிள்ளைகள் இருந்தனரா என்பது அந்தக் கல்லின் கவலையாக இல்லை.

வினை முடித்து உயிரோடு மீள்பவனை முல்லைத் திணை எடுத்துக்கொள்கிறது. கார்காலத்துக்குள் வந்துவிடுவதாகச் சொல்லிப் பிரிந்தவன் சொல் தவறாமல் திரும்புவதும், அதுவரை அவன் மனைவி ஆற்றியிருப்பதும் அத்திணையின் உரிப்பொருள். பத்துப்பாட்டில் மிகச் சிறியதான முல்லைப்பாட்டு, 103 அடிகளுக்குள், பாசறையில் உறக்கம் வராமல் கிடக்கும் அரசனையும் வீட்டில் காத்திருக்கும் அரசியையும் அருகருகே வைக்கிறது. அந்த அரசனின் உறக்கத்தைக் கெடுப்பது வெற்றி பற்றிய கனவன்று. புண்பட்ட யானைகளும், அம்பு தைத்து இரை மறுக்கும் குதிரைகளும், தனக்காக மாண்ட வீரர்களும் அவன் நினைவில் வந்தபடி இருக்கின்றனர். கடைசியில் திரும்பிவரும் தேர்க் குதிரைகளின் ஒலி அவள் செவியை நிறைக்க, பாட்டு அங்கே முடிந்துவிடுகிறது. தேரிலிருந்து இறங்கியவன் அதன் பிறகு நாற்பது ஆண்டுகள் அந்த வீட்டில் எப்படி வாழ்ந்தான் என்பதைச் சொல்ல முல்லைப்பாட்டில் இடமில்லை.

ஓர் இடத்தில் மட்டும் அந்தக் கதவு சற்றுத் திறந்திருக்கிறது. ஐங்குறுநூற்றின் முல்லைப் பகுதியைப் பாடிய பேயனார், அதன் முதல் பத்துப் பாடல்களைச் செவிலியின் கூற்றாக அமைத்திருக்கிறார். மகளை வளர்த்த செவிலித்தாய், அவள் மணம் முடித்து வாழும் மனைக்குச் சென்று, அங்கே கண்டதைத் திரும்பி வந்து நற்றாயிடம் சொல்வது இந்தப் பாடல்களின் அமைப்பு. அவள் கண்டு வந்து சொல்லும் காட்சிகளில் முதலாவது, இரு மான்களுக்கு நடுவே குட்டி கிடப்பதுபோல, தந்தைக்கும் தாய்க்கும் இடையில் மகன் படுத்திருக்கும் காட்சி. அந்தத் தந்தை எந்தப் போரில் என்ன செய்தான் என்று செவிலி கேட்பதில்லை. போருக்குப் போய்வந்த ஒருவரைக் குடும்பத்தலைவராக நினைவுகூர விரும்பும் எவருக்கும் தமிழில் கிடைக்கக்கூடிய முன்மாதிரி நடுகல்லைக் காட்டிலும் இந்தச் செவிலியின் பார்வைதான் என்று தோன்றுகிறது.

வேலூர் லாங் பஜாரில் உள்ள மணிக்கூண்டில் ஒரு கல்வெட்டு உண்டு. 1914 முதல் 1918 வரை நடந்த பெரும்போருக்கு அந்த ஊரிலிருந்து 277 பேர் சென்றனர் என்றும், அவர்களில் 14 பேர் உயிர் நீத்தனர் என்றும் அது சொல்கிறது. முதல் உலகப் போர் முடிந்ததும் படைக்கு ஆள் தந்த ஊர்கள் பலவற்றில் பிரிட்டிஷ் அரசு பதித்த இத்தகைய கற்கள் எல்லாமே ஏறக்குறைய இதே வாசக அமைப்பைக் கொண்டவை. சென்றவர் தொகையும் மாண்டவர் தொகையும் கல்லில் இருக்கும், கழித்தால் வரும் எண்ணைக் கடைத்தெருவில் நிற்பவர்தான் போட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். வேலூர்க் கல்லில் அந்த எண் 263. அந்த 263 பேரும் ஊர் திரும்பி, நிலம் உழுது அல்லது வேறு வேலை தேடி, பிள்ளை பெற்று, பெண்ணுக்கு வரன் பார்த்து, இரவுகளில் என்ன கனவு கண்டு விழித்தார்களோ அதை யாரிடமும் சொல்லாமல், ஒவ்வொருவராக வீட்டுத் திண்ணையிலோ கட்டிலிலோ இறந்துபோயிருப்பார்கள்.

இந்தக் கழித்தல் கணக்கில் மறைந்துபோகும் வாழ்க்கை எத்தகையது என்பதை அறிய, நன்கு பதிவாகியுள்ள ஒரு வாழ்வை எடுத்துக்கொள்வது உதவும். 1971-இல் இந்தியத் தரைப்படைத் தலைமைத் தளபதியாக இருந்த ஃபீல்டு மார்ஷல் சாம் மானெக்‌ஷாவின் வாழ்வு அத்தகையது. புகழில் அவருக்கும் ஓர் ஊர்ப் பட்டாளத்தாருக்கும் ஒப்புமையே இல்லை. ஆயினும் நினைவு அவர்களை நடத்தும் விதத்தில் பெரிய வேறுபாடும் இல்லை. 94 ஆண்டுகள் வாழ்ந்த அவரை நாடு 1971-ஆம் ஆண்டுப் பாகிஸ்தான் போரின் பதின்மூன்று நாட்களுக்குள் அடக்கிவைத்திருக்கிறது. அவர் சொன்னதாக உலவும் சாதுரியமான பதில்கள் அந்தப் பதின்மூன்று நாட்களைச் சுற்றி வேலிபோல் வளர்ந்து, மனிதரை மறைத்துவிட்டன. அவற்றில் எவை உண்மை, எவை பின்னால் சேர்ந்தவை என்று பிரிப்பது கடினம். அவற்றை விட்டுவிட்டு அவரைப் பார்ப்பதே அவருக்குச் செய்யும் மரியாதை.

மானெக்‌ஷா 1914 ஏப்ரல் 3 அன்று அமிர்தசரஸில் ஒரு பார்சி மருத்துவரின் மகனாகப் பிறந்தார். பார்சிகள் என்போர் பல நூற்றாண்டுகளுக்கு முன் பாரசீகத்திலிருந்து குஜராத் கரையில் வந்து குடியேறிய ஜொராஸ்திரிய சமயத்தவர். தந்தையைப் போலத் தாமும் மருத்துவராக விரும்பி, லண்டனுக்கு அனுப்பும்படி கேட்டபோது வயது போதாது என்று தந்தை மறுத்துவிட்டார். அந்த மனத்தாங்கலில், 1932-இல் டேராடூனில் புதிதாகத் தொடங்கப்பட்ட இந்திய இராணுவக் கழகத்தின் முதல் அணியில், நாற்பது பேரில் ஒருவராக அவர் சேர்ந்தார். 1937-இல் லாகூரில் சில்லூ போடே என்ற பார்சிப் பெண்ணைச் சந்தித்தார். 1939 ஏப்ரல் 22 அன்று பம்பாயில் திருமணம் நடந்தது. ஐரோப்பாவில் போர் மூள அப்போது ஐந்து மாதம்கூட இல்லை. 1940 ஜனவரியில் முதல் பெண் குழந்தை பிறந்தது.

அக்குழந்தைக்கு இரண்டு வயதாகியிருந்தபோது, 1942 பிப்ரவரி 22 அன்று, பர்மாவின் சிட்டாங் ஆற்றுப் பாலத்தருகே ஜப்பானியப் படையை எதிர்த்துத் தம் கம்பெனியை நடத்திச் சென்ற மானெக்‌ஷாவின் உடலில் இயந்திரத் துப்பாக்கிக் குண்டுகள் பாய்ந்தன. நுரையீரல், கல்லீரல், சிறுநீரகம் எல்லாம் காயப்பட்ட அவர் பிழைப்பார் என்று உடனிருந்தவர்கள் நம்பவில்லை. மிலிட்டரி கிராஸ் என்ற வீரப் பதக்கம் அந்நாளில் இறந்தவர்களுக்கு வழங்கப்படுவதில்லையாதலால், படைத்தலைவர் கோவன் தம் சட்டையில் இருந்த அப்பதக்கத்தின் நாடாவைக் கழற்றி, சாகக் கிடந்தவரின் மார்பில் குத்தினார் என்பது புகழ்பெற்ற செய்தி. அவ்வளவாகச் சொல்லப்படாத செய்தி, ஷேர் சிங் என்ற அவருடைய பணியாள் அவரைத் தூக்கிச் சென்று, ஓய்ந்துபோயிருந்த மருத்துவரிடம் சேர்த்து, சிகிச்சை செய்ய வைத்ததே அவரைக் காப்பாற்றியது என்பது. நடுகல்லின் இலக்கணப்படி அன்று மாலையே அந்த வாழ்க்கை நிறைவு பெற்றிருக்கும். பதக்கமும் இருந்தது, களமும் இருந்தது. அந்த இலக்கணத்திலிருந்து ஒருவரைத் தோளில் சுமந்து வெளியே கொண்டுவந்த ஷேர் சிங்கின் செயல், பம்பாய்த் திருமணத்துக்குப் பின் அறுபது ஆண்டுகள் நீளவிருந்த இல்லறத்தைக் காத்துக் கொடுத்தது.

இரண்டாவது மகள் 1945 செப்டம்பரில், போர் முடிந்த மாதத்தில், பிறந்தாள். அடுத்த இரண்டாண்டுக்குள் நாடு பிரிந்து, மானெக்‌ஷா இளமையில் சேர்ந்த ஃபிரான்டியர் ஃபோர்ஸ் படைப்பிரிவு பாகிஸ்தானின் பங்காகிவிட, அவர் எட்டாவது கூர்க்கா ரைபிள்ஸ் பிரிவோடு இணைந்தார். படைவீரருக்குத் தம் படைப்பிரிவு ஏறக்குறையக் குலம் போன்றது. தம் குலம் நாளை எதிர்க்கரையில் நிற்கும் என்று தெரிந்து பிரிந்த அந்தத் தலைமுறை அலுவலர்களின் வலி இருபக்கமும் இருந்தது. அதன் பிறகு ஃபிரோஸ்பூர், மாவ், லண்டன், ஜம்மு, வெலிங்டன், தேஜ்பூர், சிம்லா, கல்கத்தா, டெல்லி என்று பணியிடங்கள் மாறிக்கொண்டே இருந்தன. பணி வரலாறுகள் இவற்றைப் பதவிப் பெயர்களின் வரிசையாக அச்சிடுகின்றன. பட்டாளத்தார் வீட்டில் அதே வரிசை டிரங்குப்பெட்டிகளின் கணக்காகவும், பாதியில் விட்ட பள்ளிக்கூடங்களின் கணக்காகவும், ஒவ்வோர் ஊரிலும் புதிதாக நட்டு பூப்பதற்குள் விட்டுவந்த செடிகளின் கணக்காகவும் நினைவில் இருக்கும்.

வெலிங்டன் பணிக்காலம் தனியே குறிப்பிடத்தக்கது. நீலகிரியில் குன்னூரை ஒட்டியுள்ள வெலிங்டன் பாசறை நகரில், பிரிவினைக்குப் பின் குவெட்டாவிலிருந்து மாற்றப்பட்ட பாதுகாப்புப் பணியாளர் கல்லூரி இயங்குகிறது. முப்படைகளின் இடைநிலை அலுவலர்களுக்கு உயர்பயிற்சி தரும் நிறுவனம் அது. 1959-இல் அதன் தலைவராக மானெக்‌ஷா வந்தார். அங்கிருந்தபோது அவர்மீது குற்றச்சாட்டுகள் எழுந்து விசாரணை மன்றம் அமைக்கப்பட்டது; அவர் குற்றமற்றவர் என்று அது தீர்ப்பளிக்கும்வரை அவருடைய பணிவாழ்வு தொங்கலில் நின்றது. தொழில் ஏறக்குறைய முடிந்துபோகவிருந்த மலைப்பகுதியையே ஒருவர் பின்னால் தம் முதுமைக்குத் தேர்ந்துகொண்டார் என்றால், அந்த மலையில் அவருக்கும் அவர் குடும்பத்துக்கும் பணியைத் தவிர வேறு ஏதோ கிடைத்திருக்க வேண்டும்.

1971 பற்றி இங்கே அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மழைக்காலத்துக்கு முன் போருக்கு இறங்கக் கூடாது என்று ஏப்ரலில் அவர் தந்த அறிவுரையும், டிசம்பர் 3 முதல் 16 வரை நடந்த போரும், வங்கதேசத்தின் பிறப்பும் பாடநூல்களில் உள்ளவை. பாகிஸ்தான் தரப்பில் பொதுமக்களும் உட்பட ஏறத்தாழ 93,000 பேர் சிறைப்பட்டனர் என்ற எண்ணை வெற்றியின் அளவாகவே எல்லோரும் எடுத்தாள்கின்றனர். சிறைப்பட்டவர்கள் வீடு திரும்ப 1974 வரை ஆயிற்று என்பதையும், இந்தியத் தரப்பில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் திரும்பவே இல்லை என்பதையும் சேர்த்துப் படிக்கும்போதுதான் அந்த எண்ணின் முழுப் பொருள் விளங்கும். கதவோசைக்குச் செவி கொடுத்துக் காத்திருந்த வீடுகள் எல்லைக்கு இருபுறமும் இருந்தன. 1973 ஜனவரியில் மானெக்‌ஷாவுக்கு ஃபீல்டு மார்ஷல் என்ற ஐந்து நட்சத்திரத் தகுதி அளிக்கப்பட்டது. சுதந்திர இந்தியாவில் அதைப் பெற்ற முதல்வர் அவர். பின்னாளில் கரியப்பாவுக்கும் வழங்கப்பட்டது, மூன்றாமவர் இல்லை. அதே மாதம் 15-ஆம் நாள் அவர் தலைமைத் தளபதிப் பொறுப்பிலிருந்து விலகினார்.

அப்போது அவருக்கு வயது 58. வாழ இன்னும் முப்பத்தைந்து ஆண்டுகள் இருந்தன. அவர் சீருடை அணிந்த காலத்தோடு ஒப்பிட்டால் ஐந்தாண்டுதான் குறைவு. இந்த நீண்ட பகுதியைக் குன்னூரில் மனைவியோடு கழித்தார். வீட்டுக்கு அவர்கள் வைத்த பெயர் ஸ்தாவ்கா. ரஷ்ய மொழியில் படையின் உயர் தலைமையகத்தைக் குறிக்கும் சொல் அது. படைத் தலைமையகத்தின் பெயரைத் தோட்டமும் நாய்களும் உள்ள ஒரு மலைவீட்டுக்குச் சூட்டியதில், இனிமேல் தம் பொறுப்பும் அக்கறையும் இந்த நான்கு சுவருக்குள் என்ற அன்பான அறிவிப்பைக் காணலாம். சில நிறுவனங்களின் இயக்குநர் குழுக்களில் அவர் இருந்தார். எஞ்சிய காலத்தில் தோட்டம் பார்த்தார், பேரப்பிள்ளைகள் வளர்வதைக் கண்டார். வரலாற்று ஆசிரியருக்கு இந்த ஆண்டுகளில் எழுத எதுவும் இல்லை. செவிலிக்கு எல்லாமே இங்கேதான் இருக்கிறது.

2001 பிப்ரவரி 13 அன்று சில்லூ இறந்தார். மணவாழ்க்கை 62 ஆண்டுகளைத் தொட இரண்டு மாதமே குறைவு. அதன் பின் ஏழாண்டுகளுக்கு மேல் அவர் தனியே வாழ்ந்தார். ஃபீல்டு மார்ஷல் தகுதி உடையவர் சட்டப்படி ஓய்வு பெறுவதே இல்லை. இறுதிவரை பணியில் இருப்பவராகவே கருதப்பட வேண்டியவர். இருந்தும், அதற்குரிய ஊதியம் பல பத்தாண்டுகள் வழங்கப்படாமல் இருந்து, நிலுவையாக ஒரு கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட தொகை 2007-இல், அவர் வெலிங்டனில் நோயுற்றிருந்த காலத்தில், வந்துசேர்ந்தது. மனைவி இறந்து ஆறாண்டுக்குப் பின், 93 வயதில் கைக்கு வந்த அந்தக் காசோலை எவருக்கு என்ன பயன் தந்திருக்கும் என்று எண்ணும்போது மனம் கனக்கிறது.

2008 ஜூன் 27 அன்று வெலிங்டன் இராணுவ மருத்துவமனையில் அவர் இறந்தார். இறுதிச் சடங்குக்கு நாட்டின் முதன்மைத் தலைவர்கள் வரவில்லை என்பதும் தேசிய துக்கம் அறிவிக்கப்படவில்லை என்பதும் கடுமையாக விமர்சிக்கப்பட்டன. அந்த விமர்சனம் நியாயமானது. உதகமண்டலத்தில் உள்ள பார்சி இடுகாட்டில் படை மரியாதையோடு அவர் அடக்கம் செய்யப்பட்டார். உடலைப் பறவைகளுக்கு விடும் அமைதிக் கோபுரம் இல்லாத ஊர்களில் பார்சிகள் இறந்தோரைப் புதைப்பர். அவ்வாறான சிறிய இடுகாடு அது. ஏழாண்டுக்கு முன் சில்லூவைப் புதைத்த இடத்துக்கு அடுத்து அவருக்குக் குழி எடுக்கப்பட்டது. வெலிங்டனில் அவருக்குச் சிலையும் உண்டு, நாட்டில் அஞ்சல்தலையும் வெளியாயிற்று. அவற்றில் அவர் தனியே, சீருடையில் இருக்கிறார். உதகையில்தான் இருவர்.

மானெக்‌ஷாவின் இல்லறத்துக்கு நூல்களும் படங்களும் சாட்சியாக உள்ளன. வேலூர் மாவட்டத்தில் இராணுவப்பேட்டை என்றே அழைக்கப்படும் கம்மவான்பேட்டை போன்ற ஊர்களிலும், பட்டாளத்துக்குப் பிள்ளைகளை அனுப்பிய எண்ணற்ற தமிழகக் கிராமங்களிலும் வாழ்ந்து முடிந்த முன்னாள் படைவீரர்களுக்கு அவை இல்லை. 2022-க்கு முன் சிப்பாயாகச் சேர்ந்த ஒருவர் பொதுவாக முப்பத்தைந்திலிருந்து நாற்பது வயதுக்குள் ஓய்வு பெற்றுவிடுகிறார். ஆண்டுக்கு அறுபது நாள் வருடாந்திர விடுப்பும் முப்பது நாள் தற்செயல் விடுப்பும் ஒரு நாள்கூடத் தவறாமல் கிடைத்ததாகவே வைத்துக்கொண்டாலும், பதினேழு ஆண்டுப் பணியில் அவர் வீட்டில் இருந்தது நாலேகால் ஆண்டுக்குள்தான் அடங்கும். எல்லைப்புறப் பகுதிகளில் குடும்பத்தோடு தங்க முடியாது. தங்கக்கூடிய ஊர்களிலும் குடியிருப்புகள் முறை வைத்தே கிடைக்கும். மகன் நடக்கத் தொடங்கியதும், தாய் நோயில் விழுந்ததும், வீட்டுக்கு ஓடு மாற்றியதும் இன்லேண்டு லெட்டரில் வந்த செய்திகள். மணியார்டர் படிவத்தின் அடியில் இருந்த சிறு இடத்தில் எழுதிய நான்கு வரிதான் பல பிள்ளைகளுக்குத் தகப்பன் பேசிய பேச்சு. அப்படிப்பட்டவர் ஊருக்கு நிரந்தரமாக வந்தபின் கிழமை தவறாமல் பிள்ளைகளைப் பள்ளியில் விடுவதும், விடியுமுன் எழுந்து வாசல் கூட்டுவதும், போர்வையை விளிம்பு பிசகாமல் மடித்து வைப்பதும் ஊராருக்குப் பட்டாளத்துப் பழக்கமாகத் தெரிந்தன. விட்டுப்போன பன்னிரண்டு பதின்மூன்று ஆண்டுகளை நாள்தோறும் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார் என்று அவற்றை வாசிப்பதே சரியாக இருக்கும்.

இவர்களுடைய இல்லறத்துக்கு இருக்கும் எழுத்துச் சான்று ஒன்று உண்டு. படையில் ஒருவருடைய திருமணம், குழந்தை பிறப்பு, விடுப்பு முதலிய நிகழ்வுகளை அவருடைய பிரிவு முறையாக வெளியிட்டுப் பதிவு செய்யும் ஆணைக்குப் பார்ட் டூ ஆர்டர் என்று பெயர். அதில் ஏறிய பெயரே பின்னால் ஓய்வூதிய ஆவணத்திலும் ஏறும். மனைவியின் பெயர் அதில் பிழையாக ஏறியிருப்பதைத் திருத்துவதற்காக முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு ஆண்டுக்கணக்கில் நடந்த முதியவர்கள் பல ஊர்களில் உண்டு. தம் பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தால் பொருட்படுத்தாதவர்கள், மனைவியின் பெயரில் எழுத்து மாறியிருப்பதற்கு இவ்வளவு அலைவதன் காரணம் எளிது; தமக்குப் பின் அவள் அந்த அலைச்சலைப் படக்கூடாது. ஓய்வு பெறும் நேரத்தில் தம்பதியர் சேர்ந்து எடுத்துக்கொண்ட புகைப்படம் ஒன்றும் கேட்கப்படும். ஊர் ஸ்டூடியோவில், திரைச்சீலைக்கு முன், அவர் நெஞ்சு நிமிர்த்தியும் அவள் எங்கே பார்ப்பது என்று தெரியாமலும் நிற்கும் அந்தச் சிறு படம், பல வீடுகளில் இருவரும் சேர்ந்திருக்கும் ஒரே படம்.

இடைக்கால நடுகற்களிலும் கல்வெட்டுகளிலும் நெய்த்தோர்ப்பட்டி, உதிரப்பட்டி, இரத்தக்காணி என்ற சொற்கள் வருகின்றன. நெய்த்தோர் என்றால் குருதி; வீழ்ந்த வீரனின் குடும்பத்துக்கு ஊரோ அரசோ விட்டுக்கொடுத்த நிலத்தை இச்சொற்கள் குறிக்கும். புலிமான்கோம்பைக் கல் சொல்லாமல் விட்ட மனைவியும் மக்களும் இந்த நிலத்தின் வழியாகவே கல்லெழுத்துக்குள் நுழைகின்றனர். இயல்பாக மூப்பெய்தி இறந்த படைவீரரின் மனைவிக்கு இன்று அந்த இடத்தில் குடும்ப ஓய்வூதியம் இருக்கிறது. அதைத் தொடர்ந்து பெற, உயிரோடு இருப்பதற்கான சான்றை ஆண்டுதோறும், பெரும்பாலும் நவம்பரில், அவர் தர வேண்டும். ஐப்பசி மழை ஓயாத அந்த நாட்களில், பிளாஸ்டிக் உறையில் பத்திரப்படுத்திய ஓய்வூதியப் புத்தகத்தோடு பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு வங்கிப் படியேறும் மூதாட்டியிடம், சாளரத்துக்கு அப்பால் இருப்பவர் இறந்துபோனவரின் எண்ணையும் பதவியையும் பெயரையும் உரக்கப் படித்துக் காட்டிச் சரிதானா என்று கேட்பார். கணவர் பெயரைத் தம் வாயால் சொல்லிப் பழகாத தலைமுறையைச் சேர்ந்த அவர், தலையை அசைப்பார்.